பியூலாவும் அலெக்சாந்திரியாவின் யூதர்களும்

ஞாயிறு காலை, அமெரிக்காவில் பிளெய்ன்ஸ்பரோவில் இருக்கும் என் வீட்டுக்குத் திரும்பியபோது ஆன்சரிங் மிஷினில் ஷீபாவின் குரல் இருந்தது. "அம்மா போயிட்டாங்க, அங்கிள்." அதை மட்டும் தமிழில் சொல்லியிருந்தாள். அடக்க ஆராதனை விவரமெல்லாம் ஆங்கிலத்தில்.

அவள் அம்மா பியூலா பாளையங்கோட்டைக்காரர். நானும் அவரும் ஒரே கல்லூரியில் பகுதிநேர ஆசிரியர்கள். ஒரே மேசையை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினோம். என் பாடம் கணக்கு. அவர், பழைய அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த யூதர்கள் கிரேக்க மொழியில் எழுதியவற்றை ஆராய்ந்தவர். அந்தப் படிப்புக்கு நிரந்தர வேலை கிடைப்பது அரிது. ஆண்டுதோறும் எங்காவது நேர்காணலுக்குப் போவார், களைத்துத் திரும்புவார்.

ஒருமுறை நேர்காணலில், அந்த அலெக்சாந்திரியாக்காரர்கள் யூதர்களா கிரேக்கர்களா என்று ஒரே சொல்லில் பதில் கேட்டார்களாம். "அவங்க வீட்டுக்குள்ள அந்தக் கேள்வியே வந்திருக்காது, அண்ணே. வெளியில இருக்கிறவங்கதான் கேட்டுக்கிட்டே இருப்பாங்க" என்று சொல்லிவிட்டு மேசையில் தலை சாய்த்துக்கொண்டார். அந்த வேலையும் கிடைக்கவில்லை.

எங்கள் வீடுகளுக்குள் அந்தக் கேள்வி வரத்தான் செய்தது. பிள்ளைகள் ஆங்கிலத்தில் ஜெபிக்கலாமா என்று தமிழ் ஜெபக்கூட்டத்தில் தகராறு. கூடாது என்றார் கூட்டத்தை நடத்திய சாமுவேல் அங்கிள். இளம் பெற்றோர்கள் தங்கள் பக்கம் பேசுவார் என்று பியூலாவைப் பார்த்தார்கள்.

"அலெக்சாந்திரியாவில யூதர்கள் பைபிள் சங்கீதத்தையே கிரேக்கத்துலதான் வாசிச்சாங்க, அங்கிள். அதனால யூதரா இல்லாம போயிடல. ஆனா நிறைய பேருக்கு முன்னோர் பேசின எபிரேயம் மறந்து போயிடுச்சு. அது நஷ்டம் இல்லன்னு நான் சொல்ல மாட்டேன்."

இரு தரப்புக்கும் அது பிடிக்கவில்லை. பியூலா எழுந்து போகாமல் கூட்டம் முடியும்வரை அவர்கள் நடுவிலேயே இருந்தார். பின்வரிசையில் ஷீபா தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள்.

பியூலா நோயில் படுத்திருந்த கடைசி மாதங்களில் ஆஸ்பத்திரியில் ஷீபா அம்மாவுக்கு ஆங்கில பைபிளை வாசித்துக் காட்டுவாள். தமிழில் நான் வாசிக்கட்டுமா என்று ஒருநாள் கேட்டேன். பியூலா கண்ணைத் திறக்கவில்லை. "அவளே வாசிக்கட்டும், அண்ணே. எனக்கு அவ குரல் போதும்."

அடக்கம் முடிந்து கார் நிறுத்துமிடத்துக்கு வந்தபோது ஷீபா என்னைத் தடுத்து நிறுத்தி ஆங்கிலத்தில் கேட்டாள்: அன்று கூட்டத்தில் அம்மா நஷ்டம் என்று சொன்னது தன்னையா?

வேறு யாராவது கேட்டிருந்தால் சேச்சே என்று சொல்லி முடித்திருப்பேன். பியூலாவின் மகளிடம் அது முடியவில்லை.

"உனக்குத் தமிழ் படிக்க வரலன்னு அம்மாவுக்கு வருத்தம்தான், கண்ணு" என்றேன். "உன்னை நினைச்சு ஒரு நாளும் வருத்தப்படல."

அவள் காரில் சாய்ந்து நெடுநேரம் அழுதாள். அழுது முடிக்கும்வரை நான் பக்கத்திலேயே நின்றேன். கேட்டவருக்கு மழுப்பாமல் பதில் சொல்லவும், சொன்னபின் விலகிப் போகாமல் பக்கத்தில் நிற்கவும் கொஞ்சம் தெரிந்திருக்கிறது எனக்கு. பியூலா எனக்கு விட்டுச் சென்றது அதுதான்.