மூட்டம் விழுந்த இருபது ரோல்

செஞ்சியில் திண்டிவனம் ரோட்டில் உள்ள ஒரு ஸ்கேன் சென்டரில் பதினாறு வருஷமாக எக்ஸ்ரே எடுக்கிறவள் பூங்குழலி. ஊரில் பாதிப் பேருடைய எலும்பு அவளுக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்டில் யாராவது வணக்கம் சொன்னால் முகம் பிடிபடாது; மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினால் "போன வருஷம் ஏணியில இருந்து விழுந்தீங்களே" என்பாள். பிறந்தது சிங்கவரம். அம்மா குஞ்சம்மாள் மல்லாட்டைக் காட்டில் கடலை பிடுங்கிப் படிக்க வைத்தாள். புருஷன் எழிலன், செஞ்சியிலிருந்து திருவண்ணாமலைக்கு ஓடும் பஸ்ஸில் கண்டக்டர்.

சென்டரில் எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறியபோது எக்ஸ்ரே கழுவுகிற இருட்டறை சும்மா கிடந்தது. அட்டைப்பெட்டி போட்டு வைக்கலாம் என்று டாக்டர் சொன்னார். "எனக்குக் குடுங்க சார்" என்று பூங்குழலி கேட்டு வாங்கிக்கொண்டாள். பாண்டிச்சேரி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரு பழைய இரட்டை லென்ஸ் கேமரா கிடைத்தது. மேலிருந்து குனிந்து பார்த்து எடுக்க வேண்டும். ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம். அதில் அவள் எடுத்ததெல்லாம் பாறைதான்.

செஞ்சிக்கு வருகிறவர்கள் கோட்டையைப் படம் எடுப்பார்கள். பூங்குழலி கோட்டையை விட்டுவிட்டு, மேலச்சேரிப் பக்கமும் சிங்கவரம் பக்கமும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கும் உருண்டைப் பாறைகளிடம் போவாள். பாறையில் ஓடும் விரிசலை அவள் எலும்பு முறிவைப் பார்ப்பது போலவே பார்த்தாள். இது பழசு, ஓரம் மழுங்கிவிட்டது. இது புதுசு, விளிம்பு கூராக இருக்கிறது. கறுப்பு வெள்ளையில் அந்தக் கோடுகள் தெளிவாக விழுந்தன.

படங்களை போனில் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு நாள் ஜிம்பாப்வே நாட்டில் புலவாயோ என்கிற ஊரிலிருந்து தாண்டேகா என்ற பள்ளிக்கூட டீச்சர் கேட்டிருந்தாள்: "இது எங்கள் மலையில் எந்தப் பக்கம்? நான் பார்த்ததே இல்லையே." அவர்கள் ஊருக்கு வெளியே மாடோபோ என்று மலைகள் இருக்கின்றன. அங்கேயும் இதே மாதிரி பாறைமேல் பாறை. இரண்டு பேரும் இரண்டு வருஷம் பாறைப் படங்களாக அனுப்பிக்கொண்டார்கள். கடைசியில் அந்த ஊரில் ஒரு சின்னக் கலைக்கூடம் கண்காட்சி வைக்கச் சம்மதித்தது. செஞ்சிப் பாறை பத்துப் படம், மாடோபோ பாறை பத்துப் படம், இரண்டையும் பூங்குழலியே எடுத்து ஒரே சுவரில் மாட்ட வேண்டும்.

"போன்லயே எடுத்துட்டு வந்துடலாம் இல்ல?" என்றான் எழிலன்.

"எடுக்கலாங்க. ஆனா இங்க இன்னாத்துல எடுத்தேனோ அதுலதான் அங்கயும் எடுக்கணும். இல்லன்னா பாறை ஒண்ணா இருக்குதா, கேமரா ஒண்ணா இருக்குதான்னு எப்டித் தெரியும்?"

அவனுக்கு அது சரியாகப் பட்டது. சூட்கேஸ் பூட்டை இரண்டு தடவை திறந்து மூடிப் பார்த்தான்.

சென்டர் டிரைவர் தனகோட்டி ஒரு யோசனை சொன்னார். "ஏர்போர்ட்ல எக்ஸ்ரே மெஷின் ஃபிலிமைக் கெடுத்துடும்னு சொல்றியேம்மா. நம்ம பழைய ஈய ஏப்ரனை வெட்டிச் சுத்தி எடுத்துனு போ."

"வேணாண்ணா. மெஷின்ல கறுப்பாத் தெரிஞ்சா அவன் இன்னும் ரெண்டு வாட்டி ஓட்டுவான். கைல குடுத்து, கையால பாருன்னு கேக்கறதுதான் நல்லது."

இருபது ரோலையும் டப்பாவிலிருந்து எடுத்து, வெளியே தெரிகிற பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டாள். சூட்கேஸில் வைக்கவில்லை, சூட்கேஸ் போகிற மெஷினில் கதிர் இன்னும் பலமானது. சென்னையில் கேட்டவுடன் ஒரு அதிகாரி ரோல் ரோலாகத் துணியால் துடைத்துச் சோதித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

நடுவில் விமானம் மாறுகிற ஊரில் அது நடக்கவில்லை. அங்கே இருந்தது புது மெஷின், பெரிய டிரம் மாதிரி. பார்த்தவுடனே பூங்குழலிக்குப் புரிந்துவிட்டது.

"இது சி.டி. ஸ்கேன். சுத்திச் சுத்தி எடுக்கும். ஃபிலிம் கெட்டுப்போகும். தயவுசெஞ்சு கையால பாருங்க" என்றாள் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில்.

அங்கே நின்ற இளம் அதிகாரி சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினான். "ஃபிலிமின் ஸ்பீடு எண்ணூறுக்குக் கீழே இருந்தால் ஒன்றும் ஆகாது."

"அது பழைய மெஷினுக்கு எழுதினது. நான் ரேடியோகிராஃபர். இதே வேலைதான் பண்றேன்."

அவன் மேலதிகாரியைக் கூப்பிட்டான். அந்த அம்மாளும் தாளைத்தான் காட்டினாள். பின்னால் வரிசை முணுமுணுத்தது. அடுத்த விமானத்துக்கு நாற்பது நிமிஷம்தான் இருந்தது. சண்டை போட்டால் விமானம் போய்விடும்; விமானம் போனால் ஃபிலிம் மட்டும் நன்றாக இருந்து என்ன பிரயோசனம்? கவரை அவளே தட்டில் வைத்தாள். தட்டு உள்ளே போய் நின்றது. பெல்ட் பின்னால் வந்து மறுபடியும் போனது. இரண்டு தடவை. கவரை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு நடந்தாள்.

விமானத்தில் உட்கார்ந்து யோசித்தாள். கதிர் பட்டால் ஃபிலிம் முழுக்க ஒரு மூட்டம் விழும். எவ்வளவு மூட்டம் என்பதுதான் கேள்வி. அதை நினைத்து அழுவதில் அர்த்தமில்லை, அளந்து பார்க்க வேண்டும். முன்பு சென்டரில் ஒரு பெட்டி எக்ஸ்ரே ஃபிலிம் வெயிலில் இருந்து வந்தால் என்ன செய்வாளோ அதேதான். ஒன்றை எடுத்துப் படமே எடுக்காமல் கழுவிப் பார்ப்பது.

புலவாயோவில் தாண்டேகா கட்டிப் பிடித்து வரவேற்றாள். நல்ல உயரம், வாய் நிறையச் சிரிப்பு. பூங்குழலி கேட்ட முதல் கேள்வி: "எக்ஸ்ரேவை இன்னும் தண்ணியில கழுவுற ஆஸ்பத்திரி இங்க இருக்குதா?"

"ஏன், வழியில் எங்காவது விழுந்துவிட்டாயா?" என்று தாண்டேகா அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

விஷயத்தைச் சொன்னதும் அவள் நாலைந்து பேருக்கு போன் போட்டாள். ஊருக்கு வெளியே முக்கால் மணி நேர தூரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் அப்படி ஒரு இருட்டறை இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டவர் சிபாண்டா, ஐம்பதைத் தாண்டிய மனிதர், மூக்குக் கண்ணாடி. இந்தியாவிலிருந்து ஒரு பெண் பாறைப் படம் கழுவ வந்திருக்கிறாள் என்றதும் அவர் முகம் சுருங்கியது.

"இது நோயாளிகளுக்கான அறை" என்றார்.

பூங்குழலி விளக்குப் பெட்டியில் மாட்டியிருந்த ஒரு கால் எக்ஸ்ரேவைப் பார்த்தாள். "நல்லா எடுத்திருக்கீங்க. ஆனா கொஞ்சம் கூடுதலா வெந்திருக்குது. டெவலப்பர் மருந்து சூடு அதிகமா?"

சிபாண்டா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "தெர்மாமீட்டர் உடைந்து மூன்று மாதம் ஆகிறது. விரலை விட்டுத்தான் பார்க்கிறேன்."

அவள் பையிலிருந்து தன் தெர்மாமீட்டரை எடுத்துத் தொட்டியில் விட்டாள். நாலு டிகிரி கூடுதல். ஐஸ் கட்டி வைத்த பாட்டிலை டெவலப்பரில் இறக்கிவிட்டு இரண்டு பேரும் சூடு குறையக் காத்திருந்தார்கள். அதற்குள் எந்த எலும்பு எடுப்பது கஷ்டம், எந்த நோயாளி அசைவான் என்றெல்லாம் பேச்சு வளர்ந்தது. தோள்பட்டைதான் தொல்லை என்பதில் இருவருக்கும் ஒரே அபிப்பிராயம்.

உள்ளே போனதும் பூங்குழலி சிவப்பு விளக்கையும் அணைக்கச் சொன்னாள். எக்ஸ்ரே ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது, இந்த ஃபிலிமுக்குத் தெரியும். கும்மிருட்டில் ரோலின் இரண்டு முனையையும் பிடித்து, மருந்து ஊற்றிய தட்டில் ஊஞ்சல் ஆட்டுவது போல ஏற்றி இறக்கினாள். கடிகாரம் தெரியாததால் சிபாண்டா தன் பாஷையில் எண்ணினார். அவர் எண்ணுகிற வேகம் சீராக இருந்தது.

விளக்கைப் போட்டார்கள். ஒன்றுமே எடுக்காத ஃபிலிம் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்க வேண்டும். இது கழனித் தண்ணீர் நிறத்தில் இருந்தது, குறுக்கே அலை அலையாகப் பட்டை வேறு.

"செத்துவிட்டதா?" என்று கேட்டாள் தாண்டேகா.

"இல்ல. காய்ச்சல் அடிக்குது" என்றாள் பூங்குழலி.

அன்றே ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த ஒரு பாறையை இன்னொரு ரோலில் எடுத்தாள். ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினாள். கழுவிப் பார்த்தபோது விஷயம் பிடிபட்டது. வழக்கமாக விடுகிற வெளிச்சத்தைப்போல நாலு மடங்கு விட்டால் பாறை மூட்டத்தைத் தாண்டி மேலே வருகிறது. நிழலில் இருப்பது மட்டும் மூட்டத்தோடு போய்விடுகிறது.

அவள் போட்டு வைத்திருந்த திட்டம் வேறு. விடிகாலை வெளிச்சம், குகை வாசல்கள், மெல்லிய நிழல். தாண்டேகா இடம் இடமாக எழுதி வைத்திருந்தாள். பூங்குழலி அந்தத் தாளை மடித்து வைத்தாள்.

"நிழல்ல இருக்கிறதெல்லாம் போச்சு. வெயில்ல இருக்கிறதை எடுப்போம். எத்தினி மணிக்கு இங்க வெயில் நல்லா அடிக்கும்?"

ஆறு நாள் மாடோபோவில் சுற்றினார்கள். ஜூன் மாதம் அங்கே குளிர்காலம், ஆனாலும் உச்சி நேரத்தில் வெயில் பாறையில் பளிச்சென்று விழுந்தது. மூன்று பாறை ஒன்றன்மேல் ஒன்று நிற்கும். மேல் பாறைக்கும் நடுப் பாறைக்கும் இடையே வானம் தெரியும். வாலில்லாத பெருச்சாளி மாதிரி ஒரு பிராணி கூட்டமாக வெயில் காய்ந்தது. விறகு சேர்க்க வந்த இரண்டு பெண்கள் இவள் குனிந்து கேமராவைப் பார்ப்பதை நின்று கவனித்து, ஏதாவது தொலைந்துவிட்டதா என்று தாண்டேகாவிடம் கேட்டார்கள். பூங்குழலி அவர்களைக் கிட்டே கூப்பிட்டு, மேல் கண்ணாடியில் பாறை சின்னதாக விழுந்திருப்பதைக் காட்டினாள். ஒருத்தி ரொம்ப நேரம் பார்த்தாள்.

மூட்டம் விழுந்த ஃபிலிம் என்பதால் ஒரு படத்தைக்கூட அவள் சும்மா எடுக்கவில்லை. விரிசலின் ஓரத்தில் வெயில் விழும்வரை பாறைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள். தாண்டேகா வேர்க்கடலை உடைத்துக் கொடுப்பாள். "எங்க ஊர்ல இதுக்குப் பேரு மல்லாட்டை" என்று சொல்லிக்கொடுத்ததில், அவள் அதைப் பாட்டு மாதிரி இழுத்து இழுத்துச் சொல்லத் தொடங்கிவிட்டாள்.

ரோல்களைக் கழுவாமல் எடுத்துக்கொண்டு திரும்புவதில்லை என்று பூங்குழலி முடிவு செய்திருந்தாள். கழுவிவிட்டால் அப்புறம் எந்த மெஷினுக்குள்ளும் போகலாம், ஒன்றும் ஆகாது. தினமும் மத்தியானம் மூன்று மணிக்கு மேல் நோயாளிகள் குறைந்ததும் சிபாண்டாவின் இருட்டறைக்குப் போவார்கள். பதினெட்டு ரோல். ஒன்று அவள் கை தவறித் தரையில் விழுந்து கீறலாகிவிட்டது. இன்னொன்றை அவசரத்தில் ஏற்கெனவே எடுத்த ரோல் என்று தெரியாமல் மறுபடியும் கேமராவில் போட்டிருந்தாள். பாறைமேல் பாறை விழுந்து எதுவும் புரியவில்லை. அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. மீதி பதினாறும் வந்தன. மூட்டத்தால் கறுப்பு கொஞ்சம் சாம்பலாகத்தான் இருந்தது. ஆனால் விரிசல்கள் கத்தியால் கீறியது போல நின்றன.

எலும்புப் படம் உலர்த்தும் அலமாரியில் பாறைகள் வரிசையாகத் தொங்குவதைப் பார்த்து சிபாண்டா, "எல்லாம் பழைய முறிவு. மாவுக்கட்டு தேவையில்லை" என்றார். அன்றைக்கு முழுக்க அவர் அதையே நினைத்து நினைத்துச் சிரித்தார்.

அவற்றிலிருந்து பத்துப் படத்தைப் பொறுக்கி அச்சுப் போட்டு, செஞ்சியிலிருந்து கொண்டுவந்த பத்தோடு கலந்து மாட்டினார்கள். கண்காட்சி தொடங்கிய அன்று அறுபது எழுபது பேர் வந்திருந்தார்கள். எது எந்த ஊர்ப் பாறை என்று படத்துக்குக் கீழே எழுத வேண்டாம், தனித் தாளில் கொடுத்துவிடலாம் என்று சொன்னது பூங்குழலிதான். அதனால் எல்லோரும் நின்று நின்று பந்தயம் கட்டினார்கள். ஒரு பெரியவர் மேலச்சேரிப் பாறையைக் காட்டி, இது தன் மாமன் வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது, இதன்மேல் ஏறி அடி வாங்கியிருக்கிறேன் என்று சத்தியம் செய்தார். தாளைக் காட்டியும் அவர் நம்பவில்லை. பூங்குழலி அவரிடம் வாதாடவில்லை. பாறையைச் சுற்றி என்ன இருக்கும் என்று கேட்டாள். அவர் சொன்னார், மாட்டுத் தொழுவம், ஒரு முள்மரம், அப்பால் சோளக் காடு. மேலச்சேரியிலும் அந்தப் பாறையைச் சுற்றி இருப்பது அவைதான்.

எழிலனுக்கு வீடியோ கால் போட்டுச் சுவரைச் சுற்றிக் காட்டினாள். அவன் பஸ் டெப்போவில் நின்றுகொண்டிருந்தான்.

"நாலாவது நம்ம ஊரு. அஞ்சாவதும் நம்ம ஊரு" என்றான் நிச்சயமாக.

"அஞ்சாவது இந்த ஊருங்க."

"சும்மா இரு. டிக்கெட் போட்டுனு தெனைக்கும் பாத்துனு போற கல்லு எனக்குத் தெரியாதா?"

திரும்பும்போது அதே ஏர்போர்ட்டில் நெகட்டிவ் கவரை எந்தப் பேச்சும் இல்லாமல் பெல்ட்டில் வைத்தாள். தெர்மாமீட்டரை சிபாண்டாவிடமே விட்டு வந்திருந்தாள்.

செஞ்சியில் இறங்கின மறுநாள் காலையில் ஏழு மணிக்கே சென்டரில் மூன்று பேர் காத்திருந்தார்கள். வேலை வழக்கம்போல் ஓடியது. வரும் ஜனவரியில் தாண்டேகா செஞ்சிக்கு வருகிறாள். அவளுக்கு ஒரு கேமரா கிடைத்திருக்கிறது. இந்தத் தடவை அவள் எடுக்கப் போகிறாள். எந்த ஏர்போர்ட்டில் புது மெஷின் இருக்கிறது, கையால் சோதிக்க எப்படிக் கேட்க வேண்டும், அவர்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால் எப்படி ஒரு ரோலைக் கழுவிப் பார்க்க வேண்டும் என்றெல்லாம் பூங்குழலி நீளமாக எழுதி அனுப்பிவிட்டாள். சென்டர் இருட்டறையில் குழாய் ஒன்று சொட்டிக்கொண்டிருக்கிறது. அதற்குள் அதை மாற்றிவிட வேண்டும் என்று தனகோட்டியிடம் இரண்டு தடவை சொல்லியிருக்கிறாள்.