வாசலில் கிடந்த மான்கொம்புக் கத்தி

என் அண்ணன் ராஜப்பா இங்கிலீஷ்காரர்களின் பழைய கத்திகளைச் சேர்த்து வைத்தவர். தங்கவயலில் எங்கள் ஊரிகம் கூலி லைனில் இதைச் சொன்னால் இன்றைக்கும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். சாராயக்கடைக்குப் போனவர்களைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை, அண்ணனைப் பார்த்துத்தான் சிரித்தார்கள்.

நாங்கள் வட ஆற்காட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள். அண்ணன் முதலில் சுரங்கத்துக்குள் இறங்கிப் பாறை குடைந்தார். ஒருநாள் மேலிருந்து கல் பெயர்ந்து இடது காலில் விழுந்தது. கால் பிழைத்தது, முழங்கால் மட்டும் அதற்குப் பிறகு சரியாக மடங்கவில்லை. அப்போதிருந்த துரை நல்லவர், அண்ணனை ஷாஃப்ட் என்கிற சுரங்கக் குழி வாயிலேயே நிறுத்திக்கொண்டார். ஆளை ஏற்றிப்போகிற கேஜ் கூண்டு இறங்கணுமா, ஏறணுமா என்று எஞ்சின்காரருக்கு மணி அடித்துச் சொல்கிற வேலை. அந்தக் காலோடு உள்ளே ஏணி ஏற முடியாது. மணி கையைவிட்டுப் போனால் ஊருக்குத்தான் திரும்ப வேண்டும், ஊரில் ஒரு குழி நிலமும் கிடையாது.

அந்த ஷாஃப்ட் வாயில்தான் கத்திப் பைத்தியம் பிடித்தது. மேலே வருகிற வெள்ளைக்காரர்கள் வில் போன மடக்குக் கத்தியை வீசிவிட்டுப் போவார்கள், அண்ணன் பொறுக்கிக்கொள்வார். பிறகு பங்களா பட்லர்களைக் கேட்டுத் தேய்ந்துபோன சாப்பாட்டுக் கத்திகளை வாங்கினார். சீமைக்குத் திரும்புகிற துரைகள் வீட்டுச் சாமானை ஏலம் போடும்போது, பெட்டியடியில் யாரும் கேட்காமல் கிடப்பதை எடுத்து வந்தார். புதுக் கத்தியைத் தொடமாட்டார். சாணைக்கல்லில் தேய்ந்து தேய்ந்து அலகு ஒடுங்கியிருக்க வேண்டும், மடக்கினால் வில் ‘டக்’ என்று பேச வேண்டும். முள்கரண்டியில் மூன்று பல் இருந்தால்தான் பழசு, நாலு பல் பிறகு வந்தது என்பார். பிடிகள் எலும்பில் இருந்தன, கருங்கொம்பில் இருந்தன, ஒன்று முத்துச்சிப்பியில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவற்றையெல்லாம் வாசலில் கம்பளி விரித்துப் பரப்பி, தோல் துண்டில் செங்கல் தூள் தொட்டுத் தேய்த்து, விளக்கெண்ணெய் பூசுவார். தண்ணீர் படவே கூடாது. என் அண்ணி தங்கம்மாவுக்கு அதைப் பார்த்தாலே எரியும். “எனுக்கு ஒரு நாளு தலைக்கு எண்ண வெச்சிவுட்டது கெடையாது. அதுங்களுக்கு மட்டும் வாராவாரம் எண்ணக் குளியலு,” என்பாள். அண்ணன் காதில் வாங்கமாட்டார்.

இருந்ததிலேயே உயர்ந்தது ஒரு மான்கொம்புப் பிடிக் கத்தி. இரண்டு அலகு. அதில் ஒன்று நாணல் மாதிரி மெலிந்து போயிருந்தது. அடியில் எழுத்து வெட்டியிருந்தது. பட்லர் சிரில் படித்துப் பார்த்துவிட்டு, சீமையில் ஷெஃபீல்டு என்று ஒரு ஊர்ப் பெயர், அவ்வளவுதான் என்றார்.

தங்கவயலுக்குக் கரண்ட் வருவதற்கு முந்தின வருஷம் ஹரோல்ட் துரை புதிதாக வந்தார். எந்த ஆளை எங்கே போடுவது என்பது அவர் கையில். சிரில் அவர் பங்களாவுக்குத்தான் பட்லராகப் போனார். போனவர் சும்மா இருக்காமல், மேஜையில் பரிமாறும்போது அண்ணனின் கத்திகளைப் பற்றிப் பெருமை பேசியிருக்கிறார். அடுத்த ஞாயிறு, வேதக்கோயில் முடிந்த கையோடு, துரை நேராக எங்கள் லைனுக்கே வந்துவிட்டார். பின்னால் சிரில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்.

துரை கம்பளிப் பக்கத்தில் குந்தி ஒவ்வொன்றாகப் பார்த்தார். மான்கொம்புக் கத்தியை எடுத்தவர் கீழே வைக்கவில்லை. தன் தாத்தா இடுப்பில் இதே மாதிரி ஒன்று இருந்ததாம். இதை எனக்குத் தருவாயா என்று சிரில் மூலம் கேட்டார். கேட்டுவிட்டு, மரியாதையாகத் திரும்ப வைத்துவிட்டு, எழுந்து நின்றார்.

அண்ணன் கம்பளியின் ஓரத்தை நீவிவிட்டார். உள்ளேயிருந்து அண்ணி கொடுத்துவிடு என்று கையைக் காட்டினாள். சிரில் குனிந்து, “இன்னா யோசன ராஜப்பா? மணி வோணுமா, கத்தி வோணுமா?” என்றார்.

அண்ணன் கத்தியை எடுத்து மடக்கினார், துடைத்தார். துரை கையை நீட்டினார். அண்ணன் அந்தக் கையில் வைக்காமல், அவர் காலுக்கு முன்னால் தரையில் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்து நின்றார்.

எங்களில் அப்படித்தான். கத்தி, அரிவாள், உப்பு, மிளகாய் எதையும் கைக்குக் கை கொடுப்பதில்லை. கொடுத்தால் இரண்டு பேருக்கும் பகை வரும். கீழே வைப்போம், வேண்டியவர் எடுத்துக்கொள்வார். துரைக்கு அது எப்படித் தெரியும்? கூலிக்காரன் தன்னைக் குனிய வைக்கிறான் என்று நினைத்து முகம் சிவந்துவிட்டது. சிரில் பதறிப்போய் விஷயத்தை விளக்கினார். கிறிஸ்தவ வேதக்காரராக இருந்தாலும் அவர் வீட்டிலும் இதே வழக்கம்தான்.

துரைக்குச் சிவப்பு இறங்கியது. அவர் ஊரிலும் இப்படி ஒன்று உண்டாம். கத்தியை இனாமாக வாங்கினால் சிநேகிதம் அறுந்துவிடும், ஒரு செப்புக் காசாவது கொடுத்துத்தான் எடுக்க வேண்டுமாம். பையெல்லாம் தடவிப் பார்த்தார். இருந்த சில்லறையைக் கோயில் தட்டில் போட்டுவிட்டு வந்திருந்தார். சிரில் தன் காசை எடுத்துக் கொடுத்தார், துரை வாங்கவில்லை. சொந்தக் காசாக இருக்க வேண்டுமாம். நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கத்தி வாசலிலேயே கிடந்தது.

அண்ணன் அதன்மேல் ஒரு கூடையைக் கவிழ்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

மறுநாள் துரை வரவில்லை. சுரங்கத்தில் பம்பு கெட்டுத் தண்ணீர் ஏறியதால் அவர் ராப்பகலாக உள்ளேயே இருந்தார். அண்ணன் வேலைவிட்டு வந்து கூடைப் பக்கத்தில் உட்கார்ந்ததும், லைனில் போகிறவர் வருகிறவரெல்லாம், “இன்னா ராஜப்பா, கோழி அடை வெச்சிருக்கியா? எத்தினி குஞ்சு வரும்?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள். எனக்கே பொறுக்கவில்லை, எடுத்து உள்ளே வையுங்கள் என்றேன்.

“நான் எப்பிடி எடுக்கறது? குடுத்தாச்சி. இப்போ நான் தொட்டா குடுக்கலன்னு ஆயிடும். தொர காதுக்குப் போனா மணி போச்சி, பாப்பா.”

“துரு புடிச்சிட்டா?”

அண்ணன் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அந்தக் கத்தி போகிறதே என்று ஒரு வருத்தம், போவதற்குள் கெட்டுவிடுமே என்று இன்னொரு வருத்தம். இரண்டாவதுதான் பெரிசு என்று நான் சொல்வேன்.

அதற்கு அடுத்த நாள் சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. கூடை வழியாகத் தண்ணீர் ஒழுகியது. அண்ணன் கோணியைத் தேடி நொண்டிக்கொண்டு ஓடினார். அதற்குள் அண்ணி வெளியே வந்தாள், கூடையைத் தூக்கினாள், கத்தியை முந்தானையில் சுருட்டிக்கொண்டு உள்ளே போனாள். அண்ணன் கோணியோடு மழையிலேயே நின்றார். யாரைக் கேட்டு எடுத்தாய் என்றார்.

“நான் குடுக்கவும் இல்ல, வாங்கவும் இல்ல. மழைல கெடந்த சாமான எடுத்து உள்ள வெச்சேன். எவுனுக்கும் எவுனுக்கும் சண்ட வராது, உள்ள வா.”

அண்ணி அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து கத்தியைத் திறந்து, ஈரத்தை ஒற்றியெடுத்து, கீலுக்குள்ளும் எண்ணெய் விட்டாள். அவள் ஒரு கத்தியைத் தொட்டதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். வாராவாரம் பார்த்துத் திட்டிக்கொண்டே எல்லாம் கற்று வைத்திருந்தாள்.

சுரங்கத்தில் தண்ணீர் வடிந்து துரை வெளியே வந்தார், வந்ததும் எங்கள் வாசலுக்கு வந்தார். வெறும் தரையைப் பார்த்துவிட்டு அண்ணனைப் பார்த்தார். அண்ணி கத்தியைக் கொண்டுவந்து அதே இடத்தில் வைத்துவிட்டு ஒதுங்கினாள். துரை எங்கள் வழக்கத்தை நினைவு வைத்திருந்தார், காசைக் கையில் கொடுக்காமல் கத்திக்குப் பக்கத்தில் வைத்தார். கத்தியை எடுக்க அவரும் காசை எடுக்க அண்ணனும் ஒரே நேரத்தில் குனிந்ததில் தலை முட்டப் பார்த்தது. துரை சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை.

அண்ணன் மணியடியிலேயே இருந்தார், வயசாகி அவராக விடும்வரை. கொடுக்காமல் இருந்திருந்தாலும் ஹரோல்ட் துரை அவரை அசைத்திருக்கமாட்டார் என்று சிரில் பிற்பாடு சொன்னார். இருக்கலாம். சிரிலுக்கென்ன, அவர் காலில் கல் விழவில்லை. அண்ணன் செய்தது சரி என்றுதான் நான் சொல்வேன், யார் வந்து மாற்றிச் சொன்னாலும் கேட்கமாட்டேன்.

அந்தத் துரை பிறகும் ஞாயிறுகளில் கத்தி பார்க்க வருவார். வேறு துரைகளையும் கூட்டிவருவார். தூரத்தில் தொப்பி தெரிந்தால் போதும், அண்ணி உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள்: “அந்த முத்துச்சிப்பிக் கத்திய அரிசிப் பானைல போட்டுட்டு, அப்புறமா கம்பளிய விரி.”