கடைமடைக்கு நாற்பது நிமிடம்

ஆலங்கொல்லை வடக்குத் தெருவில் பதினேழு வீடுகள். பதினேழாவது வீடு பஞ்சநதத்தினுடையது. முப்பத்துமூன்று ஆண்டு ஏழு மாதம் வாய்க்கால் லஸ்கராக இருந்தவர் அவர். மதகுப் பலகையை ஏற்றி இறக்கி, யார் வயலுக்கு எத்தனை மணி நேரம் தண்ணீர் என்கிற முறையை நடத்தி ஓய்வு பெற்றார். அவருடைய மகள் வானதிக்கு 2023 செப்டம்பர் 13, புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு இன்டர்வியூ. சரியாகச் சொன்னால் வானதிக்கு இல்லை. அவள் மூன்று சுற்றும் தேறிவிட்டாள். நான்காவது சுற்று வீட்டுக்கு.

ஹைதராபாத்தில் ஒரு கம்பெனி. வெளிநாட்டு நோயாளிகளோடு வீடியோவில் பேசி, டாக்டரைப் பார்க்க நேரம் குறித்துக் கொடுக்கும் வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம். ஆனால் வீடு தேற வேண்டும். நாற்பது நிமிடம் வீடியோ அறுபடாமல் ஓட வேண்டும், அறையில் வேறு ஆள் இருக்கக் கூடாது, சத்தம் கூடாது. வீடு தோற்றால் வானதி அடுத்த திங்கட்கிழமை சென்னையில் கிடைத்திருக்கிற இன்னொரு வேலைக்குப் போய் ஹாஸ்டலில் சேர்ந்துவிடுவாள். பெட்டிகூட வாங்கியாகிவிட்டது. பஞ்சநதத்துக்கு அந்தப் பெட்டியைக் கண்ணால் பார்க்கப் பிடிக்கவில்லை. அதன்மேல் ஒரு சாக்கைப் போட்டு மூடியிருந்தார்.

நெட் கனெக்‌ஷன் கொடுத்த ஃபாஜில் சனிக்கிழமை வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார்.

"அண்ணே, ரவுட்டர் ஹால்ல இருக்கு. பாப்பா உக்கார்றது உள் ரூம்ல. நடுவுல ரெண்டடி கனத்துக்கு மண்சுவரு. அதுல சாஞ்சாப்புல அண்ணியோட எவர்சில்வர் அலமாரி. சிக்னல் எந்தப் பக்கமாப் போவும்?"

"அலமாரியத் தொட்டீங்கன்னா நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன்" என்றாள் பஞ்சநதத்தின் மனைவி நாகம்மாள்.

"போயிட்டு வா. புதங்கிழமைக்கு அப்புறம் வந்தாப் போதும்" என்றார் பஞ்சநதம்.

ஃபாஜில் அலமாரியைத் தொடவில்லை. பரண் வழியாகப் பதினொன்றரை மீட்டர் கேபிள் இழுத்து நேராகக் கம்ப்யூட்டரில் சொருகினார். முகத்துக்கு எதிரே விளக்கை வைத்தார். கரண்ட் போனால் தாங்குவதற்கு ரவுட்டருக்குத் தனியாக ஒரு பேட்டரி. எல்லாம் முடிந்து பைக்கில் ஏறி உட்கார்ந்த பிறகு சொன்னார்:

"இனிமே ஓடும்ணே. என்ன, தெருவுக்கே ஒரே லைன். எல்லாரும் ஒரே நேரத்துல படம் பாத்தா கடைசி வீட்டுக்குக் கொஞ்சம் இழுபறியா இருக்கும். அது பெரிசா ஒண்ணும் இல்ல."

கடைசி வாக்கியம் பஞ்சநதத்தின் காதில் ஏறவில்லை.

"பாய், இத முதல்லயே சொல்லக் கூடாதா? நாம கடைமடை!"

கடைமடை என்பது வாய்க்காலின் வால். மேலே இருக்கிறவர்கள் எல்லோரும் பாய்ச்சிக்கொண்ட பிறகு மிஞ்சியது வந்து சேரும் இடம். அங்கே தண்ணீரைக் கொண்டுசேர்க்க ஒரே வழிதான் உண்டு: மேலே உள்ள மதகுகளை மூட வேண்டும். பத்து நாட்களாகக் கம்ப்யூட்டரைப் பார்த்து மிரண்டுகொண்டிருந்த மனிதருக்கு உடம்பில் தெம்பு வந்துவிட்டது.

"அப்பா, கேபிள் போட்டாச்சு, போதும்ப்பா. ஊரக் கூட்டாதீங்க" என்றாள் வானதி.

"ஊர ஏன் கூட்டுறேன்? தெருவ மட்டுந்தான்."

பதினாறு வீடுகளும் புதன்கிழமை 10.50 முதல் 11.45 வரை வைஃபையை அணைத்து வைக்க வேண்டும் என்று ஒரு தாள் எழுதி, வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினார். போனிலும் நெட்டை நிறுத்த வேண்டும் என்று அடியில் ஒரு குறிப்பு. அது எதற்கென்று அவருக்கே தெரியாது. வாய்க்காலின் பக்கக் கசிவு மாதிரி என்று நினைத்துக்கொண்டார். குறுவை அறுவடை இயந்திரக்காரரிடமும் பேசி, பக்கத்து வயலில் பன்னிரண்டு மணிக்கு மேல் இறங்கச் சொன்னார். இரண்டு நாளில் பதினைந்து கையெழுத்து சேர்ந்தது. பாக்கி, தெருமுனையில் இருக்கும் முதல் வீடு, குஞ்சிதபாதத்தினுடையது.

"வாய்யா லஸ்கர். தொண்ணூத்தஞ்சுல என் முறையில இருபது நிமிஷம் முன்னாடியே பலகைய இறக்குனியே, ஞாபகம் இருக்கா?"

"இல்ல."

"இறக்கலையா?"

"ஞாபகம் இல்லேன்னேன்."

"அப்ப எனக்கும் சுவிட்சு எங்க இருக்குன்னு ஞாபகம் இல்ல."

இருபத்தெட்டு ஆண்டுகளாக, பிள்ளையார் கோயில் பஞ்சாயத்தில்கூட, பலகையை நேரத்துக்குத்தான் இறக்கினேன் என்று அடித்துச் சொன்னவர் பஞ்சநதம். இப்போது சாக்குக்கு அடியில் இருக்கும் பெட்டி நினைவுக்கு வந்தது.

"இறக்குனேன். ஆனா இருபது இல்ல. பதினெட்டு."

குஞ்சிதபாதம் வீட்டுக்குள் திரும்பி, "ஏ, கேட்டியா! ஒத்துக்கிட்டான்! பதினெட்டாம்!" என்று கூவினார். பிறகு பேனா கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

புதன்கிழமை 10.40க்கு பஞ்சநதம் தெருமுனைக் கம்பத்தின் கீழே போய் நின்றார். கேபிள் பிரியும் பெட்டி அந்தக் கம்பத்தில்தான் இருந்தது. தோளில் மண்வெட்டி. மண்வெட்டிக்கு அங்கே வேலை எதுவும் இல்லைதான். ஆனால் முறைக்காவலுக்கு வெறுங்கையோடு போய் அவருக்குப் பழக்கமில்லை. 10.50க்கு வீடுகளில் ஒவ்வொன்றாக டிவி நின்றது. தெரு இரண்டு ஆள் உயரம் தண்ணீருக்குள் போனதுபோல் அடங்கியது.

11.04க்குக் கதவுகள் திறந்தன. ஆட்கள் வெளியே வந்து தெருவின் கடைசியை நோக்கி நடந்தார்கள்.

"எங்க போறீங்க?"

"பாயுதான்னு பாக்கத்தான்!"

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. முறையை விட்டுக்கொடுத்தவர்கள், தண்ணீர் நிஜமாகவே போய்ச் சேருகிறதா என்று நேரில் போய்ப் பார்ப்பது அந்தப் பக்கத்து வழக்கம். முப்பத்துமூன்று ஆண்டில் ஒரு முறைகூட அதை அவர் தடுத்ததில்லை. கடைசியாகக் குஞ்சிதபாதம் குடையோடு வந்தார்.

"நான் பதினெட்டு நிமிஷம் முன்னாடியே மூடிட்டன்யா" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

பஞ்சநதம் கம்பத்தை விட்டுவிட்டு ஓடினார்.

வீட்டுக் கொல்லையில் வானதியின் அறை ஜன்னலுக்கு வெளியே இருபத்துமூன்று பேர் வரிசையாக நின்றார்கள். குள்ளமானவர்கள் முன்னால், உயரமானவர்கள் பின்னால். ஒருவரும் பேசவில்லை, இருமவில்லை. நாகம்மாள் கரண்டியை ஓங்கியபடி, யாரை அடித்தாலும் சத்தம் வருமே என்று அப்படியே நின்றிருந்தாள். பஞ்சநதம் ஜன்னலுக்கு அடியில் குந்தினார்.

உள்ளே, ஹைதராபாத் அதிகாரி அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னார். வானதி கேமராவைத் திருப்பினாள். சுவர், கட்டில், கதவு, ஜன்னல். ஜன்னலில் இருபத்துமூன்று முகங்கள். குஞ்சிதபாதம் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வணக்கம் வைத்தார்.

இவர்கள் யார் என்று அதிகாரி இங்கிலீஷில் கேட்டார். வானதி உண்மையைச் சொன்னாள்: தெருக்காரர்கள், எனக்காக அவரவர் நெட்டை நிறுத்திவிட்டு, அது எனக்கு வந்து சேர்ந்ததா என்று பார்க்க வந்திருக்கிறார்கள். அதிகாரி வெகுநேரம் பேசவில்லை. படம் உறைந்துவிட்டதோ என்று வானதி பயந்தாள். அவர் கண் சிமிட்டினார், உறையவில்லை.

"அறைக்கு உள்ளேயா, வெளியேயா?"

"வெளியே, சார்."

"சத்தம் ஏதும்?"

"நீங்களே கேளுங்க, சார்."

இருவரும் கேட்டார்கள். எங்கோ ஒரு கொக்கு மட்டும் கத்தியது. அதிகாரி எதையோ எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனார். 11.40க்கு, இந்த வாரம் பத்தொன்பது வீடுகளைச் சோதித்ததில் இவ்வளவு அமைதியான வீடு வேறில்லை என்றும், வீடு தேறிவிட்டது என்றும் சொன்னார்.

"பாஞ்சிருச்சா?" என்று ஜன்னலில் கேட்டார்கள்.

"பாஞ்சிருச்சு!" என்றாள் வானதி. அதற்கப்புறம் எழுந்த சத்தத்தில் பக்கத்துக் களத்து மாடு கயிற்றை அறுத்துக்கொண்டது.

திங்கட்கிழமை வேலை தொடங்கியது. காலை ஒன்பது முதல் மாலை ஆறு, வாரத்தில் ஆறு நாள். தெருக்காரர்கள் நெட்டை மூட வேண்டிய அவசியம் இல்லை என்று ஃபாஜில் சத்தியம் செய்தார். ஆனால் சத்தம் கூடாது என்ற விதிக்கு விலக்கு இல்லை. மிக்ஸி 8.40க்குள் ஓட வேண்டும். பஞ்சநதமும் நாகம்மாளும் பகல் முழுக்கக் கையால் பேசிக்கொள்கிறார்கள்; சண்டையும் கையால்தான். மகள் மதியம் இருபத்தைந்து நிமிடம் கதவைத் திறந்து வந்து, கழுத்தில் ஹெட்செட்டோடு சாப்பிட்டுவிட்டுப் போகிறாள். சென்னைக்குப் போயிருந்தால் தினமும் சாயங்காலம் அரை மணி நேரம் போனில் பேசியிருப்பாள் என்று பஞ்சநதம் ஒரு நாள் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஐந்து நிமிடம் நஷ்டம். கணக்கை யாரிடமும் காட்டவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்கிறதே, அது போதும்.

அப்பளம் மட்டும்தான் பிரச்சினை. அதைச் சத்தமில்லாமல் தின்ன அவரால் முடியவில்லை. அதனால் தினமும் ஒரு மணி பத்துக்கு இரண்டு அப்பளத்தைத் தட்டில் எடுத்துக்கொண்டு தெருமுனை வரை நடக்கிறார்.

"நொறுக்குய்யா" என்கிறார் குஞ்சிதபாதம். "இங்க யாரும் மீட்டிங்ல இல்ல."