ஓரத்திலிருந்து கட்டிய மட்டை

ஷட்டில் மட்டைக்கு நரம்பு கட்டுகிறவர்கள் நடுவிலிருந்து தொடங்கி, இரண்டு பக்கமும் சமமாக விரிந்துகொண்டே போவார்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் இழுவை முழுவதும் ஒரே பக்கத்தில் விழுந்து சட்டம் கோணிவிடும். இது இப்போது எனக்குத் தெரியும். எட்டாவது படித்தபோது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரியாததோடு, தெரியும் என்ற நம்பிக்கை வேறு, நான் நைனா என்று கூப்பிடும் என் அப்பாவுக்கு இருந்தது.

மட்டை, விளையாட்டு வாத்தியார் எனக்கே எனக்கென்று கொடுத்தது. திருவள்ளூரில் மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கிறார்கள், தேறினால் விளையாட்டு விடுதியில் இடம் கிடைக்கும், பன்னிரண்டாவது வரை அங்கேயே தங்கிப் படித்துக்கொண்டு ஆடலாம் என்று அவரே வீட்டுக்கு வந்து சொன்னார். எங்கள் குடும்பத்தில் ஐந்தாவதைத் தாண்டியவன் அதுவரை நான் ஒருவன்தான். பன்னிரண்டாவது என்ற சொல்லை நைனா அதற்கப்புறம் இரண்டு நாள் தறிக் கொட்டகையில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, இரட்டையர் ஆட்டத்தில் நடுவே விழுந்த இறகுப்பந்தை நானும் தினேஷும் ஒரே நேரத்தில் எடுக்கப் போனோம். இரண்டு மட்டையும் மோதிக்கொண்டன. தினேஷின் அப்பா மறுநாளே அவனுக்குப் புதிது வாங்கி வந்துவிட்டார். என் மட்டையில் மூன்று நரம்புகள் அறுந்து, சட்டத்தின் இடப்பக்கம் முடி அளவுக்கு ஒரு விரிசல் ஓடியிருந்தது.

கிரிக்கெட் மட்டையும் கேரம் பலகையும் விற்கும் திருத்தணிக் கடைக்காரர், நரம்பு கட்டத் தெரிந்தவர் அரக்கோணத்தில்தான் இருக்கிறார் என்றார். நைனா கொட்டகைக்கு லீவு போட்டார். அன்று கிருத்திகை. மலைக்கோயிலிலிருந்து திரும்பிப் போகும் கூட்டத்தில், சந்தனம் பூசிய மொட்டைத் தலைகளுக்கு நடுவே மட்டையை ஒரு குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ரயிலில் நின்றார்.

அரக்கோணத்துக்காரர் வீட்டு முன்னறையிலேயே இயந்திரம் வைத்திருந்தார். சுவர் முழுக்க மட்டைகள். விரிசல்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். டிக் என்று ஒரு சத்தம் வந்தது.

"இதுக்குக் கட்ட மாட்டேங்க."

"ரொம்ப இழுக்க வாணாம் சார், லேசா கட்டிக் குடுங்க. சனிக்கெழம பையனுக்கு செலக்‌ஷன்."

"லேசா கட்டுனாலும் மடங்கிப்புடும். ஆட்டத்துக்கு நடுவுல மடங்குச்சின்னா பையன் இன்னா பண்ணுவான்?"

நைனா மறுபடி கேட்டார். மூன்றாவது முறை கேட்டபோது அவர் குரல் எனக்குப் பழக்கமில்லாத குரலாக இருந்தது. அந்த மனிதர் எழுந்துபோய்ச் சுவரிலிருந்து ஒரு பழைய மட்டையை எடுத்து என் கையில் கொடுத்தார். "இத எடுத்துக்கினு போ தம்பி. ஆடிட்டு அப்புறம் கொண்டாந்து குடு."

பிடி என் கைக்கு அளவெடுத்தது போல இருந்தது. நைனா அதை என்னிடமிருந்து வாங்கி மேசைமேல் வைத்தார். "இரவல் வாணாங்க. நரம்பு மட்டும் குடுங்க, நானே கட்டிக்கிறேன்."

அவர் நரம்பைக் கொடுத்து, "கட்டறதா இருந்தா நடுவுலருந்து புடிங்க" என்றார். நைனா காசை எண்ணிக் கொடுத்தார். ரயிலடிக்கு வந்தபிறகு சிரித்தார். "இருவது வருசமா பாவு பூட்டிக்கினு கீறேன். எனக்கு நூலு இழுக்க சொல்லித் தரான்."

வியாழக்கிழமை கரண்ட் நிறுத்தும் நாள். விசைத்தறிகள் ஓய்ந்து கிடந்த கொட்டகையில் நைனா மட்டையைக் கால்களுக்கிடையே இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். விரிசலைச் சுற்றி நெருக்கமாக நூல் சுற்றி, குழாய் ஒட்டும் பசையைத் தடவிக் காயவைத்திருந்தார். நீளவாக்கில் போவது பாவு, குறுக்கே போவது ஊடை, அவ்வளவுதான் என்றார். தறியில் இழைகளை ஓரத்திலிருந்து ஓரத்துக்கு வரிசையாகத்தான் கோப்பார்கள். அப்படியே இடது ஓரத்தில் தொடங்கினார். ஒவ்வொரு இழையையும் குச்சியில் சுற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார்.

"இன்னாபா, பேட்டா, லுங்கியா?" என்று ஒருவர் கேட்டார்.

"பார்டர் போட்டுக் குடுபா, கலியாணத்துக்குக் கட்டிக்கலாம்" என்றார் இன்னொருவர்.

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் முடித்ததும் கைமாற்றிக் கைமாற்றி வாங்கிப் பார்த்தார்கள். ஒரு இழை கோணல் இல்லை. அவ்வளவு அழகாகக் கட்டிய மட்டையை நான் அதற்குப் பிறகும் பார்த்ததில்லை.

சனிக்கிழமை, முதல் ஆட்டத்தில் ஐந்தாவது புள்ளிக்கு அது மடங்கியது. ஓங்கி அடிக்கக்கூட இல்லை, வலையோரம் விழுந்த இறகை மெல்லத் தூக்கிவிடப் போனேன். சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். இடப்பக்கம் உள்ளே குழிந்து, நரம்பெல்லாம் தொளதொளவென்று தொங்கியது. பக்கத்துத் திடலில் ஆடிய ஒரு பையன் தன்னுடையதைக் கொடுத்தான். கனமான மட்டை, பருத்த பிடி. அடித்ததெல்லாம் வெளியே போய் விழுந்தது. வாத்தியார் ஓட்டப்பந்தயக்காரர்களோடு மைதானத்தின் மறுகோடியில் இருந்தார். அவர் வருவதற்குள் எல்லாம் முடிந்து, மடங்கிய மட்டை என் பைக்குள் போயிருந்தது. தினேஷை எடுத்துக்கொண்டார்கள்.

மட்டையைப் பற்றி யாரிடமும் சொல்லக்கூடாது என்று தினேஷிடம் மலைமேல் ஆணையாகச் சத்தியம் வாங்கிக்கொண்டேன். மணவூர் தாண்டியதும் ரயில் கதவோரம் நின்று அதை முட்புதருக்குள் வீசினேன்.

வீட்டில் நைனா கேட்ட முதல் கேள்வி, "நரம்பு நின்னுச்சா?"

"ஆங், நின்னுச்சி. எனக்குத்தான் ஆட வரல. பேட்ட சார்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டேன்."

அவர் என் வெறுங்கையைப் பார்த்தார். பிறகு சாப்பிடச் சொன்னார். அடுத்த வாரம் கொட்டகைக்குச் சோறு கொண்டுபோனபோது, தறிச் சத்தத்துக்கு மேலே கத்திச் சொல்லிக்கொண்டிருந்தார்: "நான் கட்டுனது கல்லு மாதிரி நின்னுச்சாம்பா. பையனுக்குத்தான் பத்தல." அந்தக் குரலில் பெருமை இருந்ததா என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை.

அடுத்த வருடம் பள்ளி திறந்ததும் வாத்தியார் மறுபடியும் வீட்டுக்கு வந்தார். இந்த வருடமும் ஆள் எடுக்கிறார்கள், இன்னொரு முறை அனுப்பலாம், மட்டையைத் தானே பார்த்துக்கொள்கிறேன் என்றார். எங்கே பழைய மட்டையைப் பற்றிக் கேட்டுவிடுவாரோ என்று கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன்.

"பேட்டுல குறை இல்லீங்க சார்" என்றார் நைனா. "அவனுக்கு வரல. அவனே சொல்லிட்டான். படிச்சா போதும், உட்டுடுங்க."

வாத்தியார் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். சத்தம் தெருமுனை திரும்பும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். நைனாவுக்குத் தெரியாமலே போயிற்று, தப்பித்தோம் என்று அன்று முழுவதும் சந்தோஷமாக இருந்தேன்.