பேர் வெட்டிய சீட்டு

போன வாரம் குமுளியிலிருந்து கம்பத்துக்கு இறங்குகிற பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்தாள். கழுத்துப் பிடிப்பு போல. பையிலிருந்து சின்னப் பாட்டில் ஒன்றை எடுத்து, உள்ளங்கையில் ஊற்றி, பிடரியில் தேய்த்துக்கொண்டாள். யூகலிப்டஸ் தைலம். பஸ் முழுக்க அதன் மணம். முன் சீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்துவிட்டார். எனக்கு மட்டும் அந்த மணம் இன்னும் கொஞ்ச நேரம் இருந்தால் தேவலை என்றிருந்தது. மற்றவர்களுக்கு அது சளி மணம். எனக்கு என் மகன் சகாயத்தின் தோள் மணம். தேங்காயெண்ணெயில் கலந்து பதினோரு வருடம் நான் தேய்த்துவிட்ட தோள்.

என் மகன் குத்துச்சண்டைக்காரன். இதை எழுதும்போதே கூச்சமாக இருக்கிறது. நான் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் நாலாவது வரை படித்தவள். ஏலக்காட்டில் காய் எடுத்தவள். வீட்டுக்கு ஆள் வந்தால் கதவுக்குப் பின்னால் போய் நிற்பேன். கோயிலில் ஜெபம் சொன்னால் என் சத்தம் பக்கத்தில் முழங்கால் போட்டிருப்பவளுக்கே கேட்காது. என் வயிற்றில் பிறந்தவன் ஊர் பார்க்க மேடையேறி அடிக்கவும் அடி வாங்கவும் போனான் என்றால், அது அவன் அப்பா வழி ரத்தம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். மறுத்துப் பேச அவர் இல்லை.

அவனை இதில் இழுத்துவிட்டவர் யூசுப் மாஸ்டர். பாலக்காட்டு ராவுத்தர் குடும்பம். பட்டாளத்தில் இருந்து திரும்பி வந்து குமுளியில் சாக்குக் கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னால் ஒரு பழைய ஸ்டோர், அதாவது ஏலக்காய் உலர்த்துகிற கட்டடம். அடுப்பு அணைந்து எத்தனையோ வருடமாகியும் சுவரில் இருந்து காய் வாடை போகவில்லை. அங்கேதான் சாக்கில் பழந்துணியும் மணலும் திணித்துத் தொங்கவிட்டுத் தோட்டத்துப் பிள்ளைகளைக் குத்தப் பழக்கினார். பதிமூன்று வயதில் உள்ளே போன சகாயம் இருபத்து நாலு வரை வேறு யாரிடமும் போகவில்லை.

கையுறை போடுவதற்கு முன்னால் கையில் நாடா மாதிரி ஒரு துணியைச் சுற்றிக்கொள்வார்கள். ஒவ்வொன்றும் ஒன்பது முழம் இருக்கும். தினமும் நான்தான் துவைத்துக் கொடியில் போடுவேன். நாங்கள் இருந்தது லயம். ஒரே கூரையின் கீழ் எட்டு வீடு, ஒரே முற்றம், எல்லார் கண்ணும் எல்லார் கொடியிலும். அடுத்த வீட்டு ரோசம்மா நாலு நாள் பார்த்தாள். ஐந்தாம் நாள் பொறுக்கவில்லை.

“ஏன் மதினி, ஒங்க வீட்ல யாருக்குப் புண்ணு? கட்டு இம்புட்டு நீளமா இருக்கே, ரெண்டு காலுமா?”

நான் சிரித்தேனே தவிர பதில் சொல்லவில்லை. எனக்குத்தான் வெளியில் சொல்ல முடியாத சீக்கு என்று லயத்தில் பேச்சாகிவிட்டது. ஒரு வாரம் வீடு வீடாகக் கஷாயம் வந்தது. நல்ல கஷாயம்தான், குறை சொல்லக் கூடாது.

மாஸ்டரிடமும் அப்படித்தான். பதினோரு வருடத்தில் அவரிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் கேட்கவேண்டியதைச் சகாயத்திடம் கேட்பார், நான் பதிலைச் சகாயத்திடம் சொல்வேன். மூன்று பேரும் ஒரே இடத்தில்தான் நிற்போம்.

மாஸ்டர் பட்டாளத்தில் ஆடியது மூன்று ரவுண்டு ஆட்டம். அவருக்குத் தெரிந்ததும் அதுதான். சகாயம் அதையே தொழிலாக எடுத்துக்கொண்டபோது ரவுண்டு ஆறாகிவிட்டது. மூன்று வரைக்கும் ரெண்டு ஆள் பலத்தில் ஆடுவான். நாலாவதில் வாயைப் பிளந்துகொண்டு, சேற்றில் கால் மாட்டியவன் போல நின்றுவிடுவான். அடுத்தடுத்து இரண்டு தோல்வி. இன்னொன்று தோற்றால் தன்னை யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று ஒரு நாள் கஞ்சிக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

அப்போதுதான் பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளியில் கவிதா என்ற பெண் பயிற்சி கொடுப்பதைக் கேள்விப்பட்டான். அவளும் மேடையேறி ஆடியவள். அவனைவிட ஆறேழு வயதுதான் மூத்தவள். மாமா மகள் கல்யாணம் என்று மாஸ்டரிடம் பொய் சொல்லிவிட்டு ஒரு வாரம் போய் இருந்து பார்த்தான். திரும்பி வந்தவன் அங்கேயே போய்விடுகிறேன் என்றான். மாஸ்டரிடம் யார் சொல்வது என்று கேட்டேன்.

“போன்ல ஒரு மெசேஜ் போட்டுக்கிர்றேன். மொகத்தப் பாத்து எப்பிடிம்மா சொல்ல?”

எனக்குத் தெரிந்தது ஏலக்காட்டு முறை. எங்கள் தோட்டத்தில் ஒரு கங்காணியின் கீழ் இருந்தவள் இன்னொரு கங்காணியிடம் போக வேண்டுமானால் முதலில் பழையவர் முன்னால் போய் நிற்க வேண்டும். அவர் தன் புத்தகத்தில் அவள் பேரை வெட்டிவிட்டு ஒரு சீட்டுக் கொடுப்பார். இவள் எதில் கெட்டி, எதில் மட்டம் என்று அதில் ஒரு வரி இருக்கும். சீட்டைக் கொண்டுபோகிறவர்கள் பிரிக்கக் கூடாது. அது இல்லாமல் வந்தவளைப் புதுக் கங்காணி காட்டுக்குள் விடமாட்டார். ஓடிவந்தவள் என்று ஆகிவிடும். உலகத்தில் எல்லா வேலைக்கும் இதுதான் சட்டம் என்று நான் நினைத்திருந்தேன். சிரிக்காதீர்கள். எனக்கு வேறு வேலை தெரியாது.

“யம்மா, இது குத்துச்சண்ட. ஏலக்காடு இல்ல” என்றான் சகாயம்.

எந்த வேலையானாலும் ஒருத்தன் பேர் ஒரு இடத்தில்தானே இருக்க முடியும், சீட்டு இல்லாமல் போனால் சேர்த்துக்கொண்ட அந்தப் பெண்ணுக்கல்லவா கெட்ட பேர் என்றேன். அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவ்வளவு வேண்டுமென்றால் நீயே போய் வாங்கிக்கொண்டு வா என்றான். பஸ்ஸில் இறங்குமிடம் கேட்கவே இன்னொருத்தியைக் கேட்கச் சொல்பவள் நான். போகமாட்டேன் என்று அவனுக்கு நிச்சயம்.

மறுநாள் காலையில் கோயிலுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு, தூறலில் ஜீப் ஏறிக் குமுளி போனேன். வழியில் நாலு வாக்கியம் தயார் பண்ணி வைத்திருந்தேன். மாஸ்டர் கடை வாசலில் உட்கார்ந்து கோணி ஊசியால் சாக்குத் தைத்துக்கொண்டிருந்தார்.

“வா தங்கச்சி. சகாயம் வரலியா?”

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சாக்கு வாங்க ஒருவர் வந்து போனார். இன்னொருவர் வந்து விலை கேட்டுவிட்டு வாங்காமல் போனார். மாஸ்டர் என்னை அவசரப்படுத்தவில்லை. ஊசி சாக்குக்குள் கரகரவென்று போய் வந்துகொண்டிருந்தது. நாலு வாக்கியத்தில் ஒன்றும் மிச்சமில்லை.

“அவன் பேர வெட்டிச் சீட்டுத் தரணும்” என்றேன்.

கரகர நின்றுவிட்டது. எந்த ஊருக்கு என்று கேட்டார். எலப்புள்ளி என்றேன். யாரிடம் என்றார். ஒரு பொம்பளைப் பிள்ளையிடம் என்றேன். தகரக் கூரையில் தூறல் சத்தம் மட்டும்.

“கல்யாணத்துல சாப்பாடு எப்பிடின்னு கேட்டேன் அவன்ட்ட. சாம்பார் நல்லாருந்துச்சுன்னான். அந்த வாரம் பூரா எலப்புள்ளி ரோட்ல அவன் ஓடுனத என் மச்சான் பாத்திருக்காரு, தங்கச்சி. கல்யாண வீட்ல எவன் விடியக்காலம் ஓடுறான்?”

எனக்கு அந்தச் சாக்கு அடுக்குக்குள் போய் நின்றுவிடலாம் போல இருந்தது.

“பத்து நாளாப் பாக்குறேன், இன்னைக்குச் சொல்வான் நாளைக்குச் சொல்வான்னு. அவன் வாய் எங்க போச்சு?”

“அவனுக்கு வெக்கம்” என்றேன். “எனக்கு அதவிட வெக்கம். ஆனா வந்துட்டேன்.”

ஊசியைச் சாக்கில் குத்திவைத்தார். பிறகுதான், அது என்ன சீட்டு என்று கேட்டார். கங்காணி முறையைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. உள்ளே போய் ஒரு தாள் எடுத்துவந்து மலையாளத்தில் எழுத ஆரம்பித்தார். ஒரு வரிதான் எழுதுவார் என்று நான் நின்றுகொண்டிருக்க, இரண்டு பக்கமும் நிறைந்து இன்னொரு தாளும் எடுத்தார்.

“பிரிச்சுப் பாக்கக் கூடாதா?” என்று கேட்டார்.

“கூடாது.”

“சட்டம்னா சட்டம்” என்று மடித்து, சாக்குத் தைக்கிற சணலால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி முடிச்சுப் போட்டுக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து காட்டினேன். சகாயம் அதற்கப்புறம் சிரிக்கவில்லை. பிரிக்கட்டுமா என்று ஒரு தடவை கேட்டான். நான் அதை இடுப்பில் செருகிக்கொண்டேன். மறுநாள் அவனோடு நானும் பஸ் ஏறினேன். தேனி, பழநி, பொள்ளாச்சி என்று மாறி மாறி எலப்புள்ளி போய்ச் சேர்வதற்குள் சணல் குத்திக் குத்தி இடுப்பில் தடிப்பே வந்துவிட்டது.

கவிதா நல்ல உயரம். மூக்கு ஒரு பக்கம் லேசாகக் கோணியிருந்தது. சீட்டை நீட்டியதும் என்னையும் சணல் முடிச்சையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“இதென்னங்கம்மா? இதுக்காக வேண்டியா இத்தன தூரம் வந்தீங்க?”

பல்லால் முடிச்சை அவிழ்த்து, படித்துப் படித்து எங்களுக்குத் தமிழில் சொன்னாள். இவனுக்கு மழை நாளில் இடது தோள் இறுகும், தைலம் போட்டு அரைமணி கழித்துத்தான் கையை ஓங்க விட வேண்டும். பதினாலு வயதில் மூக்கில் அடிபட்டதிலிருந்து வாயால்தான் மூச்சு விடுகிறான். அதைத் திருத்த எனக்கு வழி தெரியவில்லை. நாலாவது ரவுண்டில் தோற்றது அவன் இல்லை, நான். சண்டைக்கு முன்னால் அவனைப் புகழாதே. அவன் அம்மாவை முன்வரிசையில் உட்காரவைக்காதே, அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பான். நான் வந்தால் என்னையும் பின்னால் உட்காரவை. பேர் வெட்டியாச்சு.

படித்து முடிக்கும் முன்பே சகாயம் வெளியே போய்விட்டான்.

“இதக் கண்டுபுடிக்க எனக்கு ஆறு மாசம் ஆயிருக்குமுங்க” என்றாள் கவிதா. பிறகு லேசாகச் சிரித்துக்கொண்டு, “ஏனுங்கம்மா, நானும் எங்கியாச்சும் கையெழுத்துப் போடோணுமுங்களா?” என்றாள்.

போட வேண்டும் என்று நான் சீரியஸாகச் சொன்னேன். பாவம், அடியில் போட்டாள்.

சகாயம் திரும்பி வந்தபோது கையில் போன் இருந்தது, மூக்கு சிவந்திருந்தது. மாஸ்டரிடம் என்ன பேசினான் என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

அஞ்சாறு மாதம் கழித்து எர்ணாகுளத்தில் ஆட்டம். என்னைக் கடைசி வரிசையில் உட்காரவைத்தார்கள். கொஞ்ச நேரத்தில், ஒரு நாற்காலி இடம் விட்டு, யூசுப் மாஸ்டர் வந்து உட்கார்ந்தார். இரண்டு பேரும் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நாலாவது ரவுண்டு மணி அடித்தபோது நான் ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டேன். அவன் வாய் மூடியிருந்தது. கால் நகர்ந்துகொண்டே இருந்தது. ஆறு ரவுண்டும் முடிந்து நடுவர் அவன் கையைத் தூக்கினார். ஒவ்வொரு இடைவேளையிலும் அவன் கவிதாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“பாத்தியா தங்கச்சி, ஒரு தடவகூட இந்தப் பக்கம் திரும்பல” என்றார் மாஸ்டர். “சுத்தமா வெட்டியிருக்கேன்.”

சந்தோஷமாகச் சொன்னாரா, வேறு மாதிரிச் சொன்னாரா, எனக்கு அப்போது தெரியவில்லை.

அந்த ஸ்டோர் இப்போது சுற்றுலாக்காரர்கள் தங்குகிற விடுதி. சுவருக்கு என்னமோ வெள்ளைச் சாயம் பூசிவிட்டார்கள், காய் வாடை இல்லை. லயத்தில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. ரோசம்மா மகளோடு திருப்பூர் போய்விட்டாள். தோட்டத்தில் ஆள் பேரை எல்லாம் போனிலேயே பதிகிறார்கள், போனிலேயே எடுத்துவிடுகிறார்கள். யாரும் யார் முன்னாலும் போய் நிற்க வேண்டியதில்லை. மாஸ்டர் மகள் வீட்டில் இருந்தபடி காலமாகி மூன்று வருடம் ஆகிறது.

சகாயம் ஆடுவதை நிறுத்திவிட்டான். எலப்புள்ளியிலேயே கவிதாவோடு சேர்ந்து பயிற்சி கொடுக்கிறான். கிறிஸ்துமஸுக்கு வந்திருந்தபோது, ஏழு வருடம் அவனிடம் பழகியவன் ஒருவன் பெங்களூரில் வேறு பயிற்சியாளரிடம் போய்விட்டதாகச் சொன்னான். போனைத் திறந்து என்னிடம் காட்டினான். ஒரே வரி. கீழே கும்பிடுகிற கைப் படம். நல்ல மரியாதையான வரிதான். சகாயம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். தட்டில் சோறு ஆறிக்கொண்டிருந்தது.

“யம்மா, அன்னிக்கி நீ போயிச் சொன்னப்ப மாஸ்டர் மொகம் எப்பிடி இருந்துச்சு?”

இத்தனை வருடத்தில் அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டான். நான் கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்தேன். அவர் வலது கால் பெருவிரலில் கறுத்துப்போன நகம். அறுந்த செருப்பு வாரில் போட்டிருந்த சணல் தையல். கீழே சிந்திக் கிடந்த நூல் துணுக்குகள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். நான் தலையை நிமிர்த்தவே இல்லை.