இரண்டு கையாலும் ஊற்றிய சோஜு

ஒரு மனிதரிடம் மன்னிப்புக் கேட்கத் துணிவில்லாமல், கொரியாவுக்குச் சுற்றுலா போகிறவர்களுக்கான குடி ஒழுக்க அறிவுரைகளை இரண்டு வாரம் மனப்பாடம் செய்தவன் நான். ஐம்பத்துமூன்று வயதில், குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு, பல் துலக்கும் குவளையில் தண்ணீர் ஊற்றிக் கண்ணாடிக்கு முன்னால் ஒத்திகையும் பார்த்தேன்.

அந்த மனிதர் கொரியர். மல்கிரேவ் என்ற புறநகரில், அளவைக் கருவிகளைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் சிறிய நிறுவனமொன்றில் ஒன்பது வருடம் என் எதிர் மேசையில் இருந்தவர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். ஆட்குறைப்பு வந்தபோது மனேஜர் என்னைத் தனியே கூப்பிட்டு, அவருடைய வேலை எப்படி என்று கேட்டார். வேலை நல்லது, அறிக்கை எழுதத்தான் கொஞ்சம் கஷ்டப்படுவார் என்றேன். கஷ்டப்பட்டது நான். ஒன்பது வருடமாக என் அறிக்கைகளைத் திருத்தித் தந்தது அவர். இரண்டு நாளில் அவருடைய வேலை போனது. எனக்கு ஜன்னலோர மேசை கிடைத்தது.

அடுத்த மாதம் கொரியாவுக்கே திரும்பிப் போவதாகவும், அதற்கு முன் சிற்றியிலுள்ள கொரியன் சாப்பாட்டுக் கடையொன்றில் ஒரு மாலை இருப்போம் என்றும் அவர்தான் அழைத்தார். அன்று சொல்லாவிட்டால் இனி எப்போதும் சொல்லப்போவதில்லை என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

படித்த விதிகளில் பயன்படக்கூடியவற்றை இங்கே தருகிறேன். சோஜு என்ற கொரிய மதுவை உங்கள் கிண்ணத்துக்கு நீங்களே ஊற்றக்கூடாது. மூத்தவருக்கு இரண்டு கையாலும் ஊற்ற வேண்டும். அவர் ஊற்றும்போது இரண்டு கையாலும் ஏந்த வேண்டும். அவர் முன்னால் குடிக்கும்போது முகத்தை மறுபக்கம் திருப்ப வேண்டும். பணியாளரைத் தேடிக் கழுத்தை நீட்டாதீர்கள், மேசையில் அழைப்புப் பொத்தான் இருக்கும். முக்கியமாக, போதுமென்றால் கிண்ணத்தில் மிச்சம் விடுங்கள். வெறும் கிண்ணத்தைக் கண்டால் எதிரில் இருப்பவர் நிரப்பியே ஆகவேண்டும்.

கடைசி விதியையும் படித்துவிட்டுத்தான் போனேன். ஆனால், ஒருவர் கையால் தந்ததில் மிச்சம் விடுவது அவரை அவமதிப்பது என்று சொல்லி வளர்த்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை நான். மரியாதைக்காக நான் ஒட்டக் குடித்தேன். மரியாதைக்காக அவர் நிரப்பினார். மூன்றாவது கிண்ணத்தில் சொல்வதாகத் திட்டம். மூன்றாவதில் முகத்தைத் திருப்பி, சுவரிலிருந்த தீயணைப்பு உருளையைப் பார்த்துக்கொண்டு, முதல் வாக்கியத்தை மனதுக்குள் சரிபார்த்தேன். நான்காவதிலும் அதே உருளை, அதே வாக்கியம்.

எங்களுக்குள் ஆங்கிலம்தான். என் தமிழில் தருகிறேன்.

"என்ன, உன்ரை காதோடயோ நான் சாப்பிட வந்தனான்? இஞ்சால திரும்பு."

"மரியாதை."

"எங்கட ஊரில புதுசா வேலைக்குச் சேர்ந்த பொடியன் முதலாளிக்கு முன்னால இப்பிடிக் குடிப்பான். இப்ப உனக்குத்தானே வேலை இருக்கு!"

அவர் சிரித்தார். நான் பொரித்த கோழியை உற்றுப் பார்த்தேன். வெளியே ஜூலை மாத மழை. மணி ஏழுகூட ஆகவில்லை. இரவு வாழ்க்கை என்று சொல்லவே கூச்சமான நேரம்.

பிறகு இன்னொரு போத்தலையும் கிண்ணங்களையும் எடுத்துக்கொண்டு, மாடியிலிருந்த, திரையைப் பார்த்துப் பாடுகிற கரோக்கே அறைக்குக் கூட்டிப்போனார். மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கலாம். கூட வந்தவர்களைத் தவிர வேறு யாரும் கேட்கமாட்டார்கள் என்பது வெட்கமுள்ளவர்களுக்கு வசதி. அவர் மெதுவான கொரியப் பாட்டொன்றைக் கண்ணை மூடிக்கொண்டு பாடினார். என்ன செய்வதென்று தெரியாமல் நான் அங்கே கிடந்த சலங்கைத் தட்டை எடுத்துக் குலுக்கினேன். அது குலுக்குகிற பாட்டில்லை என்பது பாதியில்தான் விளங்கியது.

பாட்டு முடிந்ததும், தட்டைக் கீழே வைக்காமலே, மனேஜரிடம் சொன்னதைச் சொல்லிவிட்டேன். சொல்லச் சொல்ல அதுவும் கூடவே கிலுங்கிக்கொண்டிருந்தது.

"தெரியும்" என்றார். "மனேஜர் அண்டைக்கே சொன்னவர்."

"ஏன் கேக்கேல்லை?"

"நீயா வந்து சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். ஆறு கிழமை. பிறகு விட்டிட்டன்."

"பிறகேன் என்னைக் கூப்பிட்டனீங்கள்?"

"ஒன்பது வருஷம். சொல்லாமல் போகேலுமே?"

அவருடைய கிண்ணம் வெறுமையாக இருந்தது. நான் போத்தலுக்குக் கை நீட்டுமுன் அவரே எடுத்து, ஒரு கையால், தனக்குத் தானே ஊற்றிக்கொண்டார். எனக்கு ஊற்றவில்லை. அறை வாடகையில் இன்னும் இருபத்தைந்து நிமிடம் மிச்சம் இருந்தது. இருவரும் பாடவில்லை. திரையில் யாரோ ஒரு பெண் கடற்கரையில் நடந்துகொண்டேயிருந்தாள்.

கிளேட்டனில் ரயில் இறங்கி வீட்டுக்கு நடந்து வந்து, ஒன்றும் மறைக்காமல் எல்லாவற்றையும் மனைவியிடம் சொன்னேன். குசினிக் கதிரையில் இருந்து முழுவதையும் கேட்டாள். கேட்டுவிட்டு எழுந்து, வாந்தி வந்தால் பிடிக்க என் கையில் ஒரு வாளியைத் தந்தாள்.

"அந்தாளுக்கு முதலே தெரியுமெண்டால், நீங்கள் ஏனப்பா இவ்வளவு குடிச்சனீங்கள்?"