பனி மெஷினுக்குள் போன பூசைத் தேங்காய்

என் இடுப்பு வலியால், ஸ்தேன் என்ற ஊரில் எங்கள் வீட்டு வாசலில் பனி அள்ள, மனைவியும் தூக்கக்கூடிய பாரம் குறைந்த கரண்ட் மெஷின் ஒன்று தெரிந்தெடுத்து வாங்கினோம். புதுச் சாமானாயிற்றே, சந்தனம் வைத்து, படியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துத் தொடங்கினேன். பனிக்குள் தெறித்த சிரட்டைத் துண்டைக் கவனிக்கவில்லை. அது மெஷினுக்குள் இறுகி, சுழலும் தகடு நின்றுவிட்டது. எடுக்கக் கையை நீட்டினேன்.

"இஞ்சேருங்கோ, கையை எடுங்கோ! கரண்ட் இருக்கு!" என்று கத்திக்கொண்டு மனைவி பிளக்கைப் பிடுங்கினாள். பிறகு தடியால் நெம்பினேன். சிரட்டை விடுபட்டதும், கரண்ட் இல்லாமலே, இறுகி நின்ற விசையில் தகடு அரைச் சுற்றுச் சுழன்று தடியை முறித்தது.

"பிள்ளையார் தேங்காயோட விட்டிட்டார். உங்கட விரலைக் கேக்கேல்லை," என்றாள்.

இப்போது தேங்காயை அடுப்படிப் பக்கம், குசினிக்குள்தான் உடைக்கிறேன். மெஷின் அடைத்தால் முதலில் பிளக்கைக் கழற்றி, நீளத் தடியால் எடுக்கிறேன். இன்னொரு தரமும் பிள்ளையாரே காப்பாற்றட்டும் என்று இருப்பது பக்தி இல்லை.